18-இல் வைத்தும் ஏன் புழுங்குகிறது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மேல்மாடியில் டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். தகரக் கூரை. ஏர்கோனை 18 டிகிரியில் வைத்தும் மதியம் பிள்ளைகள் புழுங்குகிறது என்கிறார்கள். இரவு வகுப்பில் நடுங்குகிறார்கள். மின்கட்டணமும் ஏறுகிறது. ஏர்கோனைத் தானே கட்டுப்படுத்தும் தானியங்கிக் கருவி வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்கலாம். ஆனால் முதலில் கூரையைக் கவனியுங்கள்.

ஏர்கோன் அளப்பது காற்றின் சூட்டை மட்டும்தான். உடம்பு உணரும் இதமோ ஆறு விஷயங்களைப் பொறுத்தது என்று டென்மார்க் ஆய்வாளர் ஓலே ஃபாங்கர் 1970-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: காற்றின் வெப்பம், சுவரும் கூரையும் வீசும் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், உடுத்திய துணி, உடல் செய்யும் வேலை. உங்களைப் படுத்துவது இரண்டாவதுதான். மதியம் மூன்று மணிக்கு சீலிங் பலகையில் கை வைத்துப் பாருங்கள், சுடும். அந்த அனல் பிள்ளைகளின் தலையில் நேராக இறங்குகிறது. இரவில் தகரம் ஆறிவிடும், ஆனால் ஏர்கோன் அதே 18-இல் நிற்கும். அதுதான் நடுக்கம்.

சீலிங்குக்கு மேலே அலுமினியத் தாளும் வெப்பத்தடைப் பஞ்சும் போடுங்கள். செலவுதான், ஆனாலும் எந்தக் கருவியையும்விட இதுதான் முக்கியம் என்பேன். அப்புறம் மின்விசிறி. மலேசிய அரசு அலுவலகங்களில் 24 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று 2011-இல் உத்தரவே வந்தது. விசிறி சுழன்றால் 26-உம் சுகமாகவே இருக்கும்.

சரி, இனி கருவி. ரிமோட்டைப் போல அகச்சிவப்பு சிக்னல் அனுப்பும் வகை உங்களுக்குப் போதும். அதன் வெப்ப சென்சார் தனியாக இருக்கட்டும். பிள்ளைகள் உட்காரும் உயரத்தில், வெயிலும் ஏர்கோன் காற்றும் நேராகப் படாத சுவரில் மாட்டுங்கள். மதியத்துக்கு 25, இரவுக்கு 27 என்று தொடங்கி, பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு மாற்றுங்கள். ஆள் இல்லாவிட்டால் அணைக்கும் சென்சாரும் சேர்த்தால், காலியான அறையில் ஏர்கோன் ஓடாது. ஆனால் அந்த சென்சார் அசைவைத்தான் பார்க்கும். பிள்ளைகள் தலை நிமிராமல் பரீட்சை எழுதினால் அறை காலி என்று நினைத்துவிடும். அதனால் அணைக்கும் முன் 15 நிமிடம் காத்திருக்கும்படி வையுங்கள்.

மின் இணைப்பையே துண்டிக்கும் ஸ்மார்ட் பிளக் மட்டும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரை அப்படிச் சட்டென்று நிறுத்தி உடனே கிளப்பினால் அது சீக்கிரம் பழுதாகும்.