ஹாக்நோஸ் பெண் பாம்பு சிறியதாக இருந்தால்…
வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் இருக்கும் மேற்கத்திய ஹாக்நோஸ் (மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த வட அமெரிக்கப் பாம்பு) பெண்ணுக்கு இரண்டரை வயது. எடை 165 கிராமிலேயே நிற்கிறது. ஆண் 60 கிராம். எலியைக் கூட்டிக் கொடுத்து 200 கிராம் ஆக்கி, வரும் வசந்தத்தில் இணை சேர்க்கலாமா?
– வாசகி, பர்மிங்ஹாம்

பதில்: வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள். பெண்ணுக்கு மூன்று வயதும் 200 முதல் 250 கிராமும் ஆகட்டும் என்று அனுபவமுள்ளவர்கள் காத்திருப்பது சும்மா இல்லை. மஞ்சள் கருவுக்கும் ஓட்டுக்கும் வேண்டிய கொழுப்பு, சுண்ணாம்புச் சத்து எல்லாம் அவள் உடம்பிலிருந்துதான் போகிறது. முட்டையிட்டு முடிக்கும்போது எடையில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையும். 165 கிராமில் அதைத் தாங்க முடியாது.

அவசரமாகத் தீனி போட்டு ஏற்றும் எடை வெறும் கொழுப்பு. உடம்பு நீளாது, எலும்பும் அகலாது. உள்ளே கொழுப்பு அடைத்துக்கொண்டால் முட்டை நகரவும் இடம் இல்லை. அவள் வளையும்போது பாருங்கள்: செதில்களுக்கு நடுவே தோல் பிதுங்கினால் கொழுப்பு; முதுகெலும்பு மேடாகத் துருத்தினால் மெலிவு. ஏழு நாளுக்கு ஒரு முறை, ஏறக்குறைய 15 கிராம் சுண்டெலி ஒன்று போதும். ஒரு கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசில், கழிவு போன பிறகு, இரை கொடுப்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

சில பெண்கள் பிறவியிலேயே சிறியவர்கள். நான்கு வயதாகியும் 180, 190 கிராமில் நின்று, தசை உறுதியாக, மூன்று மாதம் எடை குறையாமல் இருந்தால் ஒரு முறை சேர்க்கலாம். அடுத்த வருஷம் கட்டாயம் ஓய்வு. சேர்க்காமலே விட்டாலும் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

இணை சேர்ப்பதற்கு முன் கொடுக்கும் குளிர் உறக்கத்துக்கு இரண்டு வாரம் முன்பே இரையை நிறுத்துங்கள். அந்த இரண்டு வாரமும் சூட்டைக் குறைக்காதீர்கள். வயிற்றில் எலி மிச்சம் இருந்து குளிர்ந்தால் உள்ளேயே அழுகிவிடும். பிறகு படிப்படியாக 10–13 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, எட்டு முதல் பத்து வாரம் இருட்டில், தண்ணீரோடு வையுங்கள். எடை பத்து சதவீதம் குறைந்தால் உடனே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். எழுந்தபின் அவள் மூன்று நான்கு முறை நன்றாகத் தின்ற பிறகே ஆணை விட வேண்டும். பசியோடிருக்கும் பெண் சின்ன ஆணை இரையென்று பிடித்துவிடக்கூடும், பக்கத்திலேயே இருங்கள்.

கேள்வி: முட்டை சிக்கிக்கொண்டது எப்படித் தெரியும்?

பதில்: முட்டையிடுவதற்கு முன் ஒரு முறை சட்டை உரிப்பாள். அதிலிருந்து ஒன்று, இரண்டு வாரத்தில் முட்டை வரும். ஓட்டை போட்ட மூடியுள்ள டப்பாவில் ஸ்பாக்னம் பாசியை நனைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் வையுங்கள். அது இல்லாவிட்டால் முட்டையை அடக்கி வைப்பாள், அல்லது தண்ணீர்க் கிண்ணத்தில் இட்டு வீணாக்குவாள்.

சில முட்டை வந்து நின்றுபோய், பின்பக்கம் கட்டி தெரிந்து, 48 மணி நேரம் ஆகியும் வராவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். இடைவிடாமல் முக்கினாலோ துவண்டு கிடந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். கையால் அழுத்தித் தள்ளவே கூடாது. கருக்குழாய் கிழியும், முட்டை உள்ளேயே உடையும். சின்ன உடம்புக்காரிகளிடமும் முதல் ஈட்டிலும் இது அதிகம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறோம்.

வந்த முட்டைகளை உருட்டாமல், மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டு, சம எடை தண்ணீர் கலந்த வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) 27 டிகிரியில் வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் பொரியும்.

கேள்வி: முட்டையிலிருந்து வந்த பாம்புக் குட்டி, எலிக்குஞ்சைத் தொடவே மாட்டேன் என்கிறது.

பதில்: காட்டில் இவற்றுக்குத் தேரை பிடித்தமான இரை, எலி வாசனை குட்டிக்குப் பழக்கமில்லை. முதல் சட்டை உரித்தபின், உறைய வைத்திருந்து பனி நீங்கிய எலிக்குஞ்சை உப்பில்லாத டூனா மீன் டப்பாத் தண்ணீரில் தோய்த்துக் கொடுங்கள். தின்னத் தொடங்கியதும் வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். வெறும் எலியை ஐந்து தடவை தானாகத் தின்னாத குட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள். பத்துக் குட்டிக்குப் பத்துத் தனிப் பெட்டி வேண்டும். அந்த இடத்தைக் கணக்குப் பார்ப்பது ஆணை விடுவதற்கு முன்பே.