டீரூமுக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை: ஆன்லைன் கடையில் மொத்த வியாபாரம் தொடங்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டில் தொடங்கிய மசாலா, ஊறுகாய் வியாபாரம் இப்போது ஒரு சின்ன கம்பெனியாகிவிட்டது. வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவும் செய்திருக்கிறோம். வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளில் கடை போட்டு சில்லறைக்கு விற்கிறேன். டர்பனில் சில டீரூம்காரர்களும் (தெருமுனைச் சிறு கடைக்காரர்கள்) ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் ஒரு மசாலாக் கடையும் மொத்தமாகக் கேட்கிறார்கள். 40 சதவீத கூப்பன் கொடுத்தால் போதுமா, தனிக் கடை திறக்கணுமா? கடனுக்கும் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் அண்ணா?"

கூப்பன் வேண்டவே வேண்டாம் தங்கச்சி. தனிக் கடையும் இப்போதைக்குத் தேவையில்லை. கூப்பன் எண் காலையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸ் வரை போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை கணக்கில் இருக்கிறது.

ஒரு பாக்கெட் மசாலா உங்கள் தளத்தில் 115 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 ரேண்ட் வாட், அது சார்ஸுக்கு (வரித்துறைக்கு) போகும், உங்களுக்கு நிற்பது 100. மிளகாய், மல்லி, பாக்கெட், லேபிள், கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 48 என்றால், 40 சதவீதம் தள்ளியதும் விலை 69 ஆகிவிடும், வாட் கழித்தால் 60, கையில் மிஞ்சுவது வெறும் 12. அந்தப் பன்னிரண்டில்தான் அட்டைப்பெட்டி, கார்டு கமிஷன், பக்கிக்கு (சிறு சரக்கு வண்டிக்கு) பெட்ரோல் எல்லாம். அதனால் சில்லறை விலையிலிருந்து கீழே இறங்காமல் அடக்கத்திலிருந்து மேலே ஏறுங்கள். வாட் இல்லாமல் 70 என்று வைத்தால் வாட் 10.50 சேர்ந்து 80.50. கடைக்காரர் வாட் பதிவு உள்ளவராக இருந்தால் அந்த 10.50-ஐத் திரும்ப எடுத்துக்கொள்வார், 115-க்கு விற்றால் அவருக்கு நூற்றுக்கு 30 நிற்கும், உங்களுக்கு 22. பெரிய ஆர்டருக்கு 66 வரை இறங்கலாம், அதற்குக் கீழே யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "115-க்குக் கீழே விற்கக் கூடாது" என்று கடைக்காரரிடம் கண்டிஷன் போடாதீர்கள். மறுவிற்பனைக்குக் குறைந்தபட்ச விலையைக் கட்டாயப்படுத்துவதை 1998-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. பரிந்துரை விலை என்று பாக்கெட்டில் அச்சடிக்கலாம், அதோடு சரி. அவர் 105-க்கு விற்றால் உங்கள் தளத்து வாடிக்கையாளர் முணுமுணுப்பார், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு) விற்கும் டேக்அவேக்காரர்களுக்கு மட்டும் 5 கிலோ வாளி என்று தனிச் சரக்காகப் போட்டால், அங்கே விலையை ஒப்பிட்டுப் பார்க்கவே இடமிருக்காது.

சரி, தளத்துக்கு வருவோம். வூகாமர்ஸில் வாடிக்கையாளர்களை வகை பிரித்து ஒவ்வொரு வகைக்கும் தனி விலை காட்டும் பிளகின்கள் (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்கள்) கிடைக்கின்றன, அதில் ஒன்று போதும். பொதுமக்களுக்குச் சில்லறை விலை, உள்நுழைந்த மொத்த வாடிக்கையாளருக்கு மொத்த விலை, ஒரே சரக்குப் பட்டியல். ஆனால் பதிவு செய்தவுடன் தானாகத் திறக்க விடாதீர்கள். விண்ணப்பத்தில் கம்பெனிப் பெயர், கடைப் பெயர், முகவரி, வாட் எண், கம்பெனிப் பதிவு எண் எல்லாம் வாங்கி, நீங்களே பார்த்து அனுமதிக்கணும். வாட் எண் 4-இல் தொடங்கும் பத்து இலக்கம், சார்ஸ் தளத்தில் போட்டுப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். கம்பெனிப் பதிவு எண் 07 என்று முடிந்தால் பிரைவேட் கம்பெனி, 23 என்று முடிந்தால் பழைய சிசி (குளோஸ் கார்ப்பரேஷன் என்ற சிறு நிறுவன வகை).

இதையெல்லாம் ஏன் முதலிலேயே கேட்கச் சொல்கிறேன் என்றால், பில் 5,000 ரேண்டைத் தாண்டினால் வாங்குபவரின் பெயர், முகவரி, வாட் எண் எல்லாம் உள்ள முழு டாக்ஸ் இன்வாய்ஸ் நீங்கள் கொடுத்தாகணும். ஆர்டர் போட்டதும் வூகாமர்ஸ் தானாக அனுப்பும் மின்னஞ்சல் அந்தக் கணக்கில் சேராது. இன்வாய்ஸ் பிளகின் ஒன்று போட்டு, வரிசை எண்ணோடு பிடிஎஃப் போகிற மாதிரி அமைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கடைக்காரரின் அக்கவுண்டன்ட் உங்களுக்குத்தான் போன் போடுவார்.

விலையைக் காட்டுவதிலும் ஒரு விதி இருக்கிறது. இங்கே வாட் பதிவுள்ளவர் விளம்பரம் செய்கிற விலை வாட் சேர்ந்ததாக இருக்கணும். வாட் இல்லாத விலையையும் காட்டணும் என்றால் அது, வாட் தொகை, மொத்தம் மூன்றையும் சேர்த்தே போடணும். ஆகவே மொத்தப் பக்கத்தில் "70 + 10.50 = 80.50" என்றே தெரியட்டும். நாளைக்கு அரிசி, பருப்பும் சேர்த்து விற்க ஆரம்பித்தால் அவற்றுக்கு வாட் பூஜ்ய விகிதம், மசாலாவுக்கும் ஊறுகாய்க்கும் 15 சதவீதம். வூகாமர்ஸில் பூஜ்ய வரிக்குத் தனி வகுப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஒவ்வொரு பொருளுக்கும் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அப்புறம் எல்லோரும் மாட்டிக்கொள்கிற ஒரு குழி. "750 ரேண்டுக்கு மேல் டெலிவரி இலவசம்" என்று சில்லறைக்கு வைத்திருந்தால், மொத்த ஆர்டர் ஒவ்வொன்றும் அதைத் தாண்டிவிடும், லெனேஷியாவுக்குப் போகும் இருபது பெட்டியும் உங்கள் செலவில் ஜோகன்னஸ்பர்க் போகும் என்-3 சாலையில் ஏறும்! அந்தச் சலுகை மொத்த வகைக்குச் செல்லாது என்று முதல் வேலையாக மாற்றுங்கள், தீபாவளிக் கூப்பன்களுக்கும் அதே கதை. வெளியூர் டெலிவரிக்குத் தளத்தில் நிலையான கட்டணம் வைக்காமல், ஆர்டர் வந்த பிறகு டிரான்ஸ்போர்ட்டில் விலை கேட்டுச் சொல்வதே நல்லது. பன்னிரண்டு பாக்கெட் ஒரு பெட்டி என்றால் அளவும் பன்னிரண்டின் மடங்கில்தான் ஏறணும், 17 பாக்கெட் கேட்கிறவருக்குச் சில்லறைப் பக்கம் இருக்கிறது. புரட்டாசியிலிருந்து தீபாவளி வரை சில்லறைக்கென்று கொஞ்சம் சரக்கை ஒதுக்கி வையுங்கள்.

இப்போது கடன். முதல் சில ஆர்டர்களுக்கு முன்பணம்தான், அதில் தயங்க வேண்டாம். பெரிய தொகைக்குக் கார்டை விட இஎஃப்டி (நேரடி வங்கிப் பரிமாற்றம்) மலிவு, ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற பேமென்ட் சிலிப்பைப் பார்த்துச் சரக்கை ஏற்றாதீர்கள், போலிச் சிலிப் இங்கே நன்றாகவே ஓடுகிறது. பணம் உங்கள் பேங்க் கணக்கில் தெரிந்த பிறகுதான் ஆர்டர் "பிராசஸிங்" ஆகணும்.

கடைக்காரர்கள் சொல்கிற "ஸ்டேட்மென்டிலிருந்து (மாதக் கடைசிக் கணக்குச் சீட்டிலிருந்து) 30 நாள்" என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்டோபர் 2-ஆம் தேதி சரக்குப் போகிறது, 31-ஆம் தேதி ஸ்டேட்மென்ட், நவம்பர் 30-க்குத்தான் பணம். கிட்டத்தட்ட அறுபது நாள். இதற்கிடையில் நீங்கள் இன்வாய்ஸ் அடிப்படையில் (பணம் வந்தபோது அல்ல, பில் போட்டதை வைத்தே) வாட் கட்டுகிறவராக இருந்தால், 8,050 ரேண்ட் பில்லுக்கான 1,050 ரேண்டை, காசு வருவதற்கு முன்பே சார்ஸுக்குக் கட்ட வேண்டி வரலாம். கொடுத்தே ஆகணும் என்றால் "இன்வாய்ஸிலிருந்து 14 நாள்" என்று தொடங்குங்கள், ஒவ்வொருவருக்கும் உச்ச வரம்பு வையுங்கள், பழைய பாக்கி இருந்தால் புது ஆர்டரைத் தளமே நிறுத்தட்டும். எதிர்ப்பக்கம் கம்பெனி என்றால் முதலாளியின் சொந்த ஜாமீன் வாங்குங்கள். அது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும், தளத்தில் டிக் போட்டதெல்லாம் உதவாது, காகிதத்திலேயே வாங்கிவிடுங்கள். தனி ஆளாகக் கடை நடத்துகிறவர் தவணை தாண்டினால் வட்டி போடலாம், ஆனால் தேசியக் கடன் சட்டத்தின்படி மாதம் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதையும் முன்பே எழுத்தில் சொல்லியிருக்கணும்.

கடைசியாக ஒன்று. லெனேஷியாக் கடை உங்களிடம் விலைக்கு முன்னாலேயே கேட்கப்போவது பார்கோடும், முனிசிபாலிட்டி தருகிற உணவுத் தகுதிச் சான்றிதழும். 2018-ஆம் ஆண்டின் ஆர்638 விதிப்படி உணவு தயாரிக்கிற இடத்துக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம். வீட்டு அடுப்பறையிலிருந்து வேறு இடத்துக்கு மாறியிருந்தால் பழைய சான்றிதழ் அங்கே செல்லாது, புதிதாக விண்ணப்பியுங்கள். இரண்டின் நகலையும் மொத்த வாடிக்கையாளர் பக்கத்திலேயே பதிவிறக்கப் போட்டுவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிற வேலை மிச்சம்.