அம்மாவின் வளையலை அடகு வைத்து டி.ஆர்.பி.க்குப் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டு கடலூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். கைக்கு 15,000 ரூபாய் வருகிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்கு முழு மூச்சாகப் படிக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு, புதுச்சேரியில் விடுதியில் தங்கி ஒரு வருடம் கோச்சிங் போகலாம் என்று இருக்கிறேன். கோச்சிங் கட்டணம் 25,000, விடுதிக்கு மாதம் 6,500. அதே சென்டரில் சனி, ஞாயிறு வகுப்பும் உண்டு, அதற்கு 12,000. சேமிப்பு 80,000 இருக்கிறது. மீதிக்கு அம்மாவின் வளையல்களை அடகு வைக்கலாம் என்கிறார்கள் வீட்டில். செய்யலாமா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அரசுப் பள்ளியில் முதுநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளமே 36,900 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி அதற்கு மேல். இன்று வாங்கும் 15,000 ரூபாயை வைத்துக்கொண்டு அதற்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. படியுங்கள். ஆனால் வேலையை இப்போது விட வேண்டாம், வளையலையும் தொட வேண்டாம்.

உங்கள் கணக்கில் ஒரு பெரிய செலவு விட்டுப்போயிருக்கிறது. கட்டணம் 25,000, விடுதி 78,000, ஆக 1,03,000 என்று போட்டிருப்பீர்கள். அந்த ஒரு வருடம் வராமல் போகும் சம்பளம் 1,80,000. அதையும் சேர்த்தால் 2,83,000 ரூபாய். வட்டியும் புத்தகமும் இதில் இல்லை.

அதைவிட எனக்குக் கவலை 'ஒரு வருடம்' என்ற சொல்தான். இந்தத் தேர்வு வருடா வருடம் வந்ததில்லை. 2022 பிப்ரவரியில் நடந்தது, அடுத்தது 2025 அக்டோபரில்தான் நடந்தது. ஆசிரியர் தேர்வு வாரியம் ஆண்டுத் திட்டம் வெளியிடுகிறது, உண்மைதான். அதில் போட்ட மாதம் தள்ளிப்போவதும் நாம் பார்த்ததுதான்.

என் தங்கையும் ஆங்கில ஆசிரியைதான். 2022 தேர்வில் சில மதிப்பெண்ணில் விட்டுவிட்டு, அந்த ஜூனிலேயே பள்ளி வேலையை விட்டாள். அடுத்த அறிவிப்பு சீக்கிரம் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். நகையை வைத்து 1 லட்சம் வாங்கினாள், ஒன்றரை வட்டிக்கு. மாதம் பிறந்தால் 1,500 ரூபாய். அறிவிப்பு வந்தது 2025 ஜூலையில். 37 மாதத்துக்கு வட்டி மட்டுமே 55,500 கட்டியிருந்தோம், அசல் ஒரு லட்சமும் அப்படியே நின்றது. முதல் ஆறு மாதம் நன்றாகப் படித்தாள். அப்புறம் வட்டி கட்டும் தேதி நெருங்கினாலே புத்தகத்தைத் திறக்க மாட்டாள். பணத்தைப் பற்றி ஊருக்கே சொல்கிற நான் அன்று அவளைத் தடுக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

அதனால் உங்களுக்கு வேறு வழி சொல்கிறேன். சனி, ஞாயிறு வகுப்பில் சேருங்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் வந்து புதுச்சேரி பஸ் பிடிப்பது அலைச்சல்தான். பஸ், சாப்பாடு, டீ என்று ஒரு நாளுக்கு 150 வைத்தாலும் மாதம் 1,200. கட்டணத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு 26,400 ரூபாய், அதாவது மாதம் 2,200. சம்பளத்திலேயே முடிந்துவிடும். அறிவிப்பு தள்ளிப்போனால் உங்கள் தலையில் கடன் ஏறாது.

வேலையிலிருந்து விலக வேண்டிய நேரம் அறிவிப்பு வந்த பிறகு. 2025-ல் ஜூலை 10 அறிவிப்பு, அக்டோபர் 12 தேர்வு. நடுவில் மூன்று மாதம் கிடைத்தது. அப்போது சம்பளமில்லாத விடுப்பு கேளுங்கள், தராவிட்டால் ராஜினாமா. மூன்று மாதச் சம்பளம் 45,000. உங்கள் 80,000-லிருந்து அதை இன்றே தனி வைப்புத்தொகையாக வங்கியில் போட்டுவிடுங்கள். மீதி 35,000 வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் எடுக்க. வேலையை விட்ட கையோடு பி.எஃப். பணத்தை எடுக்கவும் ஓடாதீர்கள், அது இருக்கட்டும்.

படிப்பில் ஒன்று சொல்ல வேண்டும், அதுவும் பணக் கணக்குதான். ஆங்கிலக் கவிஞர் சாசரில் ஆரம்பித்து அமெரிக்க இலக்கியம், மொழியியல் வரை கரைத்துக் குடித்தவர்கள்கூடத் தமிழில் வழுக்குகிறார்கள். தமிழ்த் தகுதித் தேர்வில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் உங்கள் ஆங்கிலத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். இதற்குக் கோச்சிங் வேண்டாம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தினம் அரை மணி நேரம் போதும். பிரதானத் தாளில் 150-க்கு 110 தான் ஆங்கிலம். கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. கல்வியியலைத்தான் நிறைய பேர் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள்.

ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளையும் எழுதி வையுங்கள். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அது வேண்டும். ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். அதில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விதான், சமூக அறிவியலை எடுத்தால் அதற்கு 60. எட்டாம் வகுப்பு வரலாற்றைத் தூசு தட்ட வேண்டியிருக்கும்.

கோச்சிங்குக்குக் கொடுக்கும் முன் கடலூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துவார்கள். உங்கள் தேர்வுக்கு இப்போது நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் தங்கினால் புதுச்சேரி அரசு வேலைக்கும் வழி பிறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு வருடம் விடுதியில் இருந்ததற்குக் குடியிருப்புச் சான்று தர மாட்டார்கள்.

கடைசியாக, சேரும்போது பள்ளியில் அசல் சான்றிதழ்களைக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் இந்த மாதமே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு இரண்டு நாள் இருக்கையில் தாளாளர் ஊரில் இல்லை என்று கண்ணீரோடு எனக்கு போன் செய்தவர்கள் இருக்கிறார்கள்.