அவரை ஏன் பூக்கவில்லை? – தோட்டக் கேள்வி பதில்

கேள்வி: மிளகாய், கத்தரி, அவரை மூன்றையும் வீட்டுக்குள் எல்இடி லைட்டின் கீழ் முளைக்க வைத்தேன். போன வாரம் நல்ல வெயிலாக இருந்ததால் ஒரு நாள் முழுக்க வெளியே வைத்தேன், இலையெல்லாம் வெள்ளையாக வெளுத்துவிட்டது. போன வருடமும் அவரை வேலி முழுக்கப் படர்ந்து செப்டம்பர் கடைசியில்தான் பூத்தது, காய் முற்றுவதற்குள் பனி கொட்டிவிட்டது. என்ன பிழை செய்கிறேன்?
– வாசகி, ஸ்கார்பரோ, டொராண்டோ

பதில்: இலையில் இருப்பது நோய் இல்லை, வெயில் சுட்டது. லைட்டின் கீழ் வளர்ந்த இலை மெல்லியது, நேர் வெயிலையும் காற்றையும் அது பார்த்ததே இல்லை. வெளுத்த இடம் மறுபடி பச்சையாகாது, ஆனால் குருத்து நன்றாக இருந்தால் செடி பிழைத்துவிடும், பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். இனி முதல் நாள் நிழலில் இரண்டு மணி நேரம், அடுத்த நாள் கொஞ்சம் கூட, பிறகு காலை வெயில் என்று ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள். மேகமூட்டமான நாளில் தொடங்குவது இன்னும் நல்லது. இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே எடுத்துவிடுங்கள். டொராண்டோவில் பலரும் மே மாதத்தில் வரும் விக்டோரியா தின விடுமுறையை ஒட்டி நடுகிறார்கள், மிளகாய்க்கும் கத்தரிக்கும் இன்னும் ஒரு வாரம் பொறுத்தாலும் நட்டமில்லை.

சரி, அவரைக்கு வருவோம். உங்கள் மேல் பிழையே இல்லை. பந்தல் அவரை பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும், ஊரில் ஆடியில் போட்ட விதை மார்கழி, தையில் காய்த்துக் குலுங்குவது அதனால்தான். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது, டொராண்டோவில் ஜூன் கடைசியில் பகல் 15 மணி 26 நிமிடம். கொடி இன்னும் காலம் வரவில்லை என்று இலையாக விட்டுக்கொண்டே போகும், பகல் 12 மணி நேரத்தை நெருங்குகிற செப்டம்பரில்தான் அதற்குப் பூக்கும் நினைப்பு வரும், அதற்குள் குளிர் வந்துவிடும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது, தழைச்சத்தைக் கூட்டினால் இன்னும் இலைதான் வரும்.

செய்யக்கூடியது இதுதான். இரண்டு செடியையாவது பெரிய வாளியில் வைத்து, கொடியைக் குட்டையாகக் கிள்ளி வளர்த்து, ஜூலை தொடக்கத்திலிருந்து தினமும் மாலை 6 மணிக்கு இருட்டான கராஜுக்குள் தள்ளிவிட்டு, காலை 8 மணிக்கு வெளியே எடுங்கள். இடையில் லைட் போடவே கூடாது, நடு இரவில் சிறிது நேர வெளிச்சம்கூட நீண்ட இரவை இரண்டு குட்டி இரவாக வெட்டிவிடும். மொட்டு வந்ததும் நிறுத்தாமல் பிஞ்சு பிடிக்கும் வரை தொடருங்கள். வேலை அதிகம்தான், ஆனால் வீட்டு அவரைக்காயின் மணம் தெரிந்தவர்களுக்கு அது பெரிய வேலையாகத் தெரியாது. இவ்வளவு முடியாதென்றால் அடுத்த முறை செடி அவரை விதை கேட்டு வாங்குங்கள், அதில் நாள் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் ரகங்கள் உண்டு. மிளகாய்க்கும் கத்தரிக்கும் இந்தக் கவலையே வேண்டாம்.

கேள்வி: ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய வெங்காய விதையைப் பிப்ரவரியில் வீட்டுக்குள் போட்டு ஏப்ரலில் வெளியே நட்டேன். கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டதே?
– வாசகர், லண்டன்

பதில்: இது அவரைக்கு நேர் எதிர். வெங்காயம் பகல் நீண்டால்தான் கிழங்கு கட்டும், நம் ஊர் ரகத்துக்கு 12 மணி நேரப் பகலே போதும். லண்டனில் ஏப்ரல் பாதியிலேயே பகல் பதின்மூன்றரை மணியைத் தாண்டிவிடுவதால், நாலு தாள் விடும் முன்பே அது கிழங்கு கட்டத் தொடங்கிவிட்டது. கிழங்கு வேண்டுமென்றால் அங்கேயே விற்கிற நீண்ட பகல் ரகத்தை வாங்குங்கள். மிச்சமிருக்கும் ஊர் விதையை ஒரு தொட்டியில் நெருக்கமாகத் தூவி, வெங்காயத்தாளாக அறுத்துப் பொரியலுக்குப் போடுங்கள்.