சிறு ஸ்கீ தயாரிப்பாளர் என்றால் யார்? அவரைச் சுற்றி ஏன் ஒரு கூட்டம் சேர்கிறது?

பனிச்சரிவில் வழுக்கிப்போகக் காலில் மாட்டும் நீளப் பலகைதான் ஸ்கீ. பெரிய ஆலையில் இல்லாமல், சிலர் சேர்ந்து ஒரு பட்டறையில் அதைச் செய்தால், அவர்கள்தான் சிறு தயாரிப்பாளர்கள்.

பலகைக்குள் இருப்பது மரம். அதன் மேலும் கீழும் கண்ணாடியிழை, அடியில் வழுக்கும் பிளாஸ்டிக், ஓரத்தில் எஃகு விளிம்பு. எபாக்ஸி பசை தடவி, அச்சில் வைத்து அழுத்திச் சூடாக்குவார்கள். கார் கொட்டகை அளவு இடம் இருந்தாலே தொடங்கிவிடலாம்.

சரி, ஆள் ஏன் தேடி வருகிறார்? எல்லாம் அந்த மரத்தின் தடிமனில் இருக்கிறது. ஒரே பொருளில் தடிமன் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறக்குறைய 33 சதவீதம் கூடும். ஆகவே உங்கள் எடை, வேகம், நீங்கள் போகும் மலையின் பனி எல்லாவற்றையும் கேட்டுத்தான் மரத்தைச் செதுக்குவார்கள். ரெடிமேட் சட்டைக்கும் தெருமுனைத் தையல்காரருக்கும் உள்ள வித்தியாசம்தான். தையல்காரரிடம் அளவு கொடுக்கப் போனால் அரைமணி நேரம் ஊர்க்கதையும் ஓடும் அல்லவா, இங்கேயும் அப்படியே.

அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள பார்லர் ஸ்கீஸ் என்ற பட்டறை இதற்கு நல்ல உதாரணம். பழைய இறுதிச்சடங்குக் கூடம் (ஆங்கிலத்தில் 'ஃபியூனரல் பார்லர்') ஒன்றில் தொடங்கியதால் அந்தப் பெயர் (விளையாட்டுச் சாமானுக்கு வினோதமான பிறந்த வீடு!). அங்கே வாடிக்கையாளரே வந்து தன் பலகையைத் தானே செய்துகொள்ளும் வகுப்பும் உண்டு.

கையால் செய்தது என்றதும் உளியும் சுத்தியலும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பட்டறைகளில் மரத்தை வெட்டுவது கணினி இயக்கும் இயந்திரம்தான்.