கணினி கேள்வி – பதில்: நீக்கிய கணக்கின் கோப்புகள்

கேள்வி: எங்கள் காப்பித் தோட்ட அலுவலகத்தில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) நிறுவிய ஒரே கணினியை எழுத்தர்கள் மூவர் தனித்தனிப் பயனர் கணக்கில் பயன்படுத்துகிறார்கள். கடைசியாகச் சேர்ந்தவர் விலகியதும், அவர் கோப்புகளை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் நீக்கினோம். இப்போது புதிதாக வந்தவருக்குக் கணக்கு தொடங்கினால், பழையவரின் கூலிப் பட்டியல்களை அவரால் திறக்கவும் திருத்தவும் முடிகிறது. நாங்கள் அனுமதி எதுவும் கொடுக்கவில்லையே?
– வாசகர், ஏற்காடு

பதில்: ஒரு கோப்பு யாருக்கு உரியது என்பதை லினக்ஸ் பெயரால் அல்ல, எண்ணால் குறித்து வைக்கிறது. உபுண்டுவில் பயனர் எண்கள் வழக்கமாக 1000-இல் தொடங்கும்; எந்த எண் எந்தப் பெயருக்கு என்பது பாஸ்வேர்டு (passwd) என்ற கோப்பில் ஆளுக்கொரு வரியாக, முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு கட்டங்களில் இருக்கும். (கோப்பின் பெயர் அப்படியிருந்தாலும், கடவுச்சொல்லின் மறைகுறி, அதாவது உருமாற்றிய வடிவம், இப்போது ஷேடோ என்ற வேறொரு கோப்பில்தான் இருக்கிறது.) விலகியவரின் எண் 1003 என்று வைத்துக்கொள்வோம். கணக்கை நீக்கியபோது அந்த ஒரு வரிதான் போனது; கோப்புகளின் மேல் 1003 அப்படியே நின்றது. அந்த இடைவெளியில் கோப்புப் பட்டியலைப் பார்த்திருந்தால், உரியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் 1003 என்றே தெரிந்திருக்கும். கடைசி எண் காலியாக இருந்ததால் புதியவருக்கும் அதே எண் கிடைத்தது, கோப்புகளும் அவருடையவை ஆகிவிட்டன.

இதைச் சரிசெய்யும்போது ஓர் இடத்தில் கவனம் தேவை. உரியவர் இல்லாத கோப்புகளை ஃபைண்ட் (find) கட்டளையில் தேடினால் இவை அகப்படமாட்டா, ஏனென்றால் அந்த எண்ணுக்கு இப்போது உரியவர் இருக்கிறார். ஆகவே முதலில் காப்புப்பிரதி எடுத்துக்கொண்டு, பழையவரின் ஹோம் கோப்புறை (ஒவ்வொரு பயனருக்கும் உரிய சொந்தக் கோப்புறை) முழுவதையும், உரியவரை மாற்றும் சோன் (chown) கட்டளையால் மேலாளர் பெயருக்கு மாற்றுங்கள். அதற்கு வெளியே கிடப்பவற்றை 1003 என்ற எண்ணைக் கொண்டே தேடி, புதியவர் சேர்ந்த நாளுக்கு முன் கடைசியாகத் திருத்தப்பட்டவற்றைப் பிரித்தெடுங்கள்.

இனி யாராவது விலகினால் கணக்கை நீக்காமல், யூசர்மாட் (usermod) கட்டளையால் கடவுச்சொல்லைப் பூட்டி, கணக்கு காலாவதியாகும் நாளையும் கடந்த தேதியாக வைத்துவிடுங்கள். எண் யாருக்கும் போகாது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, கூலிப் பட்டியல் தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதால் அது எந்த எழுத்தரின் ஹோம் கோப்புறையிலும் இருக்கக்கூடாது. கணக்குப் பிரிவு எழுத்தர்களுக்கென ஒரு பயனர் குழுவை உருவாக்கி, பொதுக் கோப்புறை ஒன்றை அக்குழுவுக்கு உரியதாக்கி, அனுமதியை 2770 என்று வையுங்கள். இதில் 770 என்பது உரியவருக்கும் குழுவுக்கும் முழு அனுமதி, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை என்று பொருள்; முன்னால் நிற்கும் 2, அங்கே யார் புதுக் கோப்பு தொடங்கினாலும் அதைக் குழுவின் பெயரிலேயே சேர்க்கும். ஏற்கெனவே உள்ள பட்டியல்களை அங்கே மாற்றும்போது மட்டும் குழுவின் பெயரை நீங்களே ஒருமுறை மாற்றிக் கொடுக்க வேண்டும்.