துடிப்புத் தவறும் இதயமும் அழற்சியும்: கேள்வி பதில்

சென்ற ஞாயிறு மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில், அழற்சியால் இதயத் துடிப்பு சீர்கெடுவது பற்றி நான் பேசியபின் பலர் தாளில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து, பிறகு ஓய்வுபெறும்வரை இதய வார்டில் பணியாற்றியவன் நான், மருத்துவர் அல்லன்.

கேள்வி (லாரி ஓட்டுநர்): ஐயா, கணுக்கால் வீங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது. இதயத்தில் அழற்சி என்றால் இதயம் வீங்கிவிடுகிறதா?

பதில்: பெரும்பாலும் அப்படி வீங்குவதில்லை. உடலின் காவலுக்கு வரும் வெள்ளணுக்களும், இன்டர்லூகின்-6 போன்ற வேதிப்பொருள்களும் இதயத் தசைக்குள் தங்கித் தொல்லை தருவதையே இங்கு அழற்சி என்கிறோம். இதயத்தின் மின்னோட்டம் கொனெக்ஸின் என்ற புரதத்தாலான நுண்வாயில்கள் வழியாக ஓர் உயிரணுவிலிருந்து அடுத்த உயிரணுவுக்குச் செல்கிறது. அழற்சி அந்த வாயில்களைக் கெடுக்கிறது, அணுவுக்குள் சேமித்துள்ள கால்சியத்தைக் கசியவிடுகிறது, நாளடைவில் தசை நடுவே தழும்பு நாரையும் வளர்க்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது உடனே புரியும்: வெட்டுத் தடம் ஒழுங்காக இருந்தால் பால் நேரே மங்குக்கு, அதாவது கிண்ணத்துக்கு இறங்கும், தடத்தில் அடைப்பு விழுந்தால் பட்டையெங்கும் வழியும். மின்னோட்டம் அப்படிச் சிதறி, மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். வெளியிலிருந்து வரும் வெள்ளணுக்கள் மட்டுமல்ல, மேலறைத் தசை அணுக்களே என்எல்ஆர்பி3 என்ற அழற்சிப் பொறியை முடுக்குகின்றன என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த நடுக்கமும் தன் பங்குக்கு அழற்சியை வளர்ப்பதால், எது முதல், எது பின் என்று பிரிப்பது கடினம்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை): என் கணவருக்கு பைபாஸ் முடிந்து மூன்றாம் நாள் துடிப்புச் சீர்கெட்டது. அறுவையில் ஏதும் தவறு நடந்ததா?

பதில்: அப்படி எண்ண வேண்டாம், அம்மா. இதய அறுவைக்குப் பின் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இது வருகிறது. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் மிகுதி. கத்தி பட்ட காயத்துக்கு உடல் காட்டும் அழற்சி அதே நாட்களில் உச்சத்தில் இருப்பது அதற்கொரு காரணம். பலருக்குச் சில வாரங்களில் அடங்கும்.

கேள்வி (செம்பனைக் குலை வெட்டுபவர்): எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லி, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். அழற்சிதான் காரணமென்றால், முதுகுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மாத்திரையே இதயத்துக்கும் உதவாதா?

பதில்: உதவாது, கெடுதலே செய்யும். நீங்கள் கேட்டது நியாயமாகத் தோன்றும் கேள்வி என்பதால்தான் விரிவாகச் சொல்கிறேன். அந்த மாத்திரை புரோஸ்டாகிளான்டின் என்ற ஒரு வழியை மட்டும் அடைக்கிறது. நான் மேலே சொன்ன இன்டர்லூகின் வழியை அது தொடுவதில்லை. அதோடு சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கும்படி செய்து, இரத்த அழுத்தத்தை ஏற்றி, மேலறையை இன்னும் விரியவைக்கக்கூடும். இவ்வகை மாத்திரைகளைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இதே துடிப்புக்கோளாறு கூடுதலாகக் காணப்பட்டதாக டென்மார்க்கில் 2011-இல் வெளியான ஆய்வு சொன்னது. உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வயிற்றுக்குள் இரத்தம் கசிவது. வார்ஃபரினோடு முதுகுவலி மாத்திரையையும் கடையில் வாங்கிப் போட்டுவந்த ஒருவர், தார் போலக் கறுத்த மலம் போவதாக வந்து நின்றபோது அவர் கண்ணிமையின் உட்புறம் காகிதம் போல வெளுத்திருந்தது. இன்றும் அது என் கண்ணில் நிற்கிறது. வலிக்குப் பாரசிட்டமால் கேளுங்கள்; அதையும் பல நாள் தொடர்ந்தால் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறக்கூடும் என்பதால் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

வார்ஃபரினை மட்டும் நிறுத்தாதீர்கள். நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைகிறது. இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991-இல் கணக்கிட்டது.

கேள்வி (கிராணி வேலை, அதாவது எழுத்தர் வேலை பார்ப்பவர்): கௌட் என்ற மூட்டுவீக்க நோய்க்குக் கொடுக்கும் கொல்கிசின் இதற்கும் மருந்தாமே?

பதில்: இதய அறுவை செய்தவர்களிடம் சில சோதனைகளில் பலன் தெரிந்தது. நெஞ்சறைக்குள் செய்யும் பிற அறுவைகளில் 2023-இல் வெளியான பெரிய சோதனையில் துடிப்புக்கோளாறு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, வயிற்றுப்போக்குக் கூடியது. கௌட்டுக்காக வீட்டில் இருப்பதை எடுத்து நெஞ்சுக்கு விழுங்காதீர்கள்.

கேள்வி (செம்பனைத் தோட்டத்து இளைஞர்): எலிக்காய்ச்சல் இதயத்தையும் தாக்குமா?

பதில்: தாக்கும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காலின் கீறல் வழியே ஏறும் அக்கிருமி, இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கி, மின்னோட்டத்தைத் தாமதப்படுத்துவதும் துடிப்பைக் குலைப்பதும் உண்டு. எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்பதற்காக பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்கலாம் என்று பொருளில்லை.

கேள்வி (பெயர் எழுதாதவர்): வாரக் கடைசியில் மட்டும் குடிப்பேன். அதனாலும் வருமா?

பதில்: வரும். 2020-இல் ஆஸ்திரேலியாவில், வழக்கமாகக் குடிப்பவர்களும் இக்கோளாறு உள்ளவர்களுமானோரை இரு பிரிவாக்கினார்கள். ஆறு மாதத்தில் குடியை விட முயன்ற பிரிவில் 53 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்து குடித்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கும் கோளாறு திரும்பியது.

கேள்வி (இல்லத்தரசி): வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள், பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இதற்குப் போதாது. மழை தொடங்கும்போது தகரக் கூரையில் துளிகள் விழுவது போல எந்தக் கணக்கும் இல்லாமல் துடித்தால், அன்றே கிளினிக்கில் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ, வாய் கோணுவதோ சேர்ந்தால் கிளினிக் வரிசையில் நிற்காமல் 999-ஐ அழையுங்கள்.